நாலு டிஸ்க் பெட்டி எடுக்கலாமா?

கேள்வி: கல்யாண வீடியோ, கசெட்டிலிருந்து மாற்றிய அப்பாவின் பாட்டுகள், சினிமாப் படங்கள் எல்லாம் மூன்று ஹார்ட் டிஸ்க்குகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒரே இடத்தில் வைத்து ரீவியிலும் பிள்ளைகளின் போனிலும் பார்க்க விருப்பம். கடையில் நாலு டிஸ்க் போட்டு வீட்டு நெட்வேர்க்கில் இணைக்கும் நாஸ் (NAS) பெட்டி எடுக்கச் சொல்கிறார்கள். வீட்டில் பத்து வருடப் பழைய டெஸ்க்டொப் ஒன்றும் நிற்கிறது. எது நல்லது? டேட்டா முடிந்துவிடாதா?
- வாசகி, கோண்டாவில்

பதில்: டேட்டாவைப் பற்றிப் பயப்படாதீர்கள். படம் வீட்டு ரவுட்டருக்குள்ளேயே ஓடுகிறது, பக்கேஜில் குறையாது.

நாஸ் இப்போதைக்கு வேண்டாம். பெரும்பாலும் வெறும் பெட்டிக்குத்தான் அந்த விலை, டிஸ்க்குகளுக்குத் தனியாகக் காசு. முதலில் பழைய டெஸ்க்டொப்பில் ஜெலிஃபின் என்ற, ரீவிக்கும் போனுக்கும் வீடியோ அனுப்பும் மென்பொருளைப் போட்டு ஒரு கிழமை ஓடவிடுங்கள், அது முழுக்க இலவசம். எந்த வீடியோ ரீவியில் அப்படியே ஓடுகிறது, எது இழுபடுகிறது என்று குறித்து வையுங்கள். ரீவிக்குப் புரியாத ஃபைலை சேர்வர், அதாவது ஜெலிஃபின் ஓடும் கணினி, அந்த நேரமே மாற்றிக் கொடுக்க வேண்டும். பழைய மெஷின் திணறுவது அங்கேதான்.

ஆனால் அதையே நிரந்தரமாக வைக்காதீர்கள். 60 வாட் இழுக்கும் டெஸ்க்டொப் இரவு பகலாக ஓடினால் மாதம் 43 யூனிட். மின்கட்டணம் படிபடியாக ஏறும் நம் நாட்டில், அது உங்களை மேல்படிக்குத் தள்ளிவிட்டால் பில்லைப் பார்த்துத்தான் கவலைப்படுவீர்கள். பாவித்த மினி பிசி ஒன்று, இன்டெல் எட்டாம் தலைமுறைச் சிப் உள்ளதோ அதற்குப் பிந்தியதோ, தேடுங்கள். டிஸ்க்கோடு 15 வாட் என்று வைத்தாலும் 11 யூனிட்தான். 10 பிட் ஹெச்.265 என்ற, நன்றாகச் சுருக்கிய வகை வீடியோவையும் அதன் சிப்பே மாற்றித் தரும். கடையிலேயே போட்டு ஓடவைத்துப் பார்த்து, உத்தரவாதத்தை பில்லில் எழுதி வாங்குங்கள்.

ரவுட்டருக்கும் சேர்வருக்கும் இடையில் வயர் கட்டாயம். தடித்த சுவர் வீடுகளில் வைஃபையை நம்ப முடியாது. ரீவிக்கும் வயர் இழுக்க முடிந்தால் நல்லது. ரீவியின் வயர் போர்ட்டின் வேகம் 100 எம்பிபிஎஸ் என்றாலும் போதும், புளூரே தரமுள்ள ஹெச்டி படமே 54ஐத் தாண்டாது.

மிச்சம் பிடிக்கும் காசில் இரண்டு சாமான் வாங்குங்கள்: கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் ஒரு சிறிய யூபிஎஸ், இன்னொரு ஹார்ட் டிஸ்க். நாஸுக்குள் இரண்டு டிஸ்க்கில் ஒரே பதிவு இருந்தாலும் கைதவறி அழித்தால் இரண்டிலும் அழியும், இடி விழுந்தால் இரண்டும் போகும். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கு யூபிஎஸ் காவல் அல்ல. இருண்டு வரும்போதே பிளக்கையும் ரவுட்டருக்கு வரும் லைனையும் கழற்றிவிடுங்கள். புதிதாக வாங்கும் டிஸ்க்கில் எல்லாவற்றையும் பிரதி எடுத்து, உறவினர் வீடொன்றில் கொடுத்து வையுங்கள். படங்களைத் திரும்பவும் தேடிப் பிடிக்கலாம். அப்பாவின் பாட்டுகளை அப்படித் தேட முடியாது, பிரதியை அவற்றிலிருந்தே தொடங்குங்கள்.