மணமேடைக்கு முன் ஒரு படம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகளுக்குத் தைக் கடைசியில் முகூர்த்தம். மண்டப வாசலில் வைக்கிற படத்துக்காக முன்கூட்டியே அவளைத் தனியாக எடுக்கலாம் என்கிறார் போட்டோகிராபர். முகூர்த்தப் பட்டுப்புடவையை அதற்கு உடுத்தக் கூடாது என்கிறார் என் மாமியார். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், தக்கலை

பதில்: மாமியார் சொல்வதையே கேளுங்கள், அம்மா. ரிசப்ஷன் பட்டை உடுத்தினால் போதும். முகூர்த்த ரவிக்கைத் துணியில் மிஞ்சிய ஒரு சாண் துண்டை மட்டும் கையோடு கொண்டுபோங்கள். மேக்கப் முடிந்ததும் அதைக் கழுத்தடியில் பிடித்து ஒரு படம் எடுத்தால், அந்த நிறம் முகத்துக்கு ஒத்துப்போகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பொங்கல் கழிந்த கையோடு, கல்யாணத்துக்கு 15 நாளாவது இருக்கும்போது எடுத்துவிடுங்கள். ரவிக்கை தைத்து வந்திருக்கும். பிழை இருந்தால் பிரித்துத் தைக்கவும் நாள் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். அக்குளில் இழுத்தால், மாலை மாற்றும்போதும் இழுக்கத்தான் செய்யும்.

கல்யாணத்தன்று மேக்கப் போடப்போகிறவரே இந்தப் படத்துக்கும் போடட்டும். இந்தப் படப்பிடிப்பின் பாதிப் பயன் அதில்தான் இருக்கிறது. போட்டு முடிந்ததும் அறை விளக்கை அணைத்து, நாலடி தள்ளி நின்று, போன் பிளாஷில் ஒரு படம் எடுங்கள். கண்ணுக்குக் கீழும் நெற்றியிலும் சாம்பல் பூசியது போல் வெளுத்தால், பவுடரில் உள்ள சிலிக்காவோ சன்ஸ்கிரீனில் உள்ள டைட்டானியம் டை ஆக்ஸைடோ வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது என்று பொருள். கண்ணாடியில் பார்த்தால் இது தெரியாது. பவுடரை மாற்றி, மறுபடியும் பிளாஷில் பாருங்கள்.

மருதாணி இப்போது வேண்டாம். பழைய நிறம் முழுதாய்ப் போக இரண்டு வாரம்கூட ஆகலாம். திட்டுத்திட்டாய் நிற்கிற சாயத்தின் மேல் கல்யாண மருதாணி எடுபடாது. பூவைத் தோவாளைச் சந்தையில் அன்றைக்கே வாங்கி, ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். ஹேர் ஸ்பிரேயை அடித்துக் காயவிட்டுப் பிறகு பூ வைக்க வேண்டும். பூ வைத்தபின் அடித்தால் ஸ்பிரேயில் உள்ள ஆல்கஹால் பட்டு மல்லியின் ஓரம் பழுத்துவிடும்.

முகத்தை அருகில் எடுப்பது முதலில், நின்றபடி முழு உருவம் அடுத்தது, உட்கார்ந்து எடுப்பது கடைசியில். ஒருமுறை உட்கார்ந்து எழுந்தாலே கொசுவம் கசங்கிவிடும்.

கேள்வி: எனக்கு ஆலயத்தில் திருமணம். எங்கள் ரப்பர் விளையில் வெள்ளைப் புடவையோடு படம் எடுக்க ஆசை. அண்ணன் போனில் எடுத்துப் பார்த்தான். முகமும் புடவையும் பச்சையாகத் தெரிகின்றன. கேமராவில் எடுத்தால் சரியாகுமா?
– மணப்பெண், மார்த்தாண்டம்

பதில்: கேமராவை மாற்றினால் போகாது, தங்கச்சி. தலைக்கு மேலே இலை, காலுக்குக் கீழே புல். அந்த வெளிச்சமே பச்சையாகத்தான் வருகிறது. வெள்ளைத் துணி அதை அப்படியே வாங்கிக் காட்டும். பிறகு கம்ப்யூட்டரில் பச்சையைக் குறைத்தால் மரமும் செத்துப்போகும், உதடும் ஊதா அடிக்கும்.

நிற்கிற இடத்தை மாற்றுங்கள். விளையின் நடுவில் நிற்காமல் ரோட்டோரம் வந்து, மரவரிசை முதுகுப் பக்கம் இருக்க, முகம் திறந்த வானத்தைப் பார்க்க நில்லுங்கள். பின்னால் வரிசை வரிசையாய் மரம் தெரியும். முகத்தில் விழுவது வான வெளிச்சம். காலடியில் ஒரு வெள்ளை வேட்டியைப் படத்துக்குள் வராதபடி விரித்துவிட்டால் தாடைக்கு அடியில் ஏறும் பச்சையும் போகும். தையில் ரப்பர் இலையுதிரும் காலம் தொடங்கிவிடும். மரம் மொட்டையாய் நிற்குமா என்று முதலிலேயே விளையைப் போய்ப் பார்த்துவிடுங்கள்.

காலை ஏழு முதல் ஒன்பதுக்குள் முடியுங்கள். படச்சட்டம் நிறைய வெள்ளையாய் இருந்தால் கேமரா ஏமாந்து, புடவையைச் சாம்பலாகவும் முகத்தைக் கறுப்பாகவும் ஆக்கும். நிழலில் எடுக்கும்போது எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, +2/3 அளவுக்கு ஏற்றச் சொல்லுங்கள். ஆனால் புடவையின் கசவில், அதாவது ஜரிகைக் கரையில், நேர் வெயில் விழவே கூடாது. படத்தில் ஜரிகை வெளுத்து, நெசவே தெரியாத வெள்ளைப் பட்டையாகிவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் இழை இழையாய்த் தெரியும்.

மந்திரகோடிப் புடவையை இதற்கு எடுக்காதீர்கள். அது ஆலயத்தில் மாப்பிள்ளை கையால் தலைமேல் விழ வேண்டியது.

கேள்வி: பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்கலாமா? வாசல் படத்துக்கு எந்த அளவு நல்லது?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: அரண்மனை நம் குமரி மாவட்டத்தில் இருந்தாலும் பொறுப்பு கேரளத் தொல்லியல் துறையிடம். திங்கட்கிழமை விடுமுறை. பார்வையாளர் சீட்டை நம்பி மேக்கப்போடு போய் நிற்காதீர்கள். முன்னதாகவே எழுதிக் கேட்டு, அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வெளிச்சம் குறைவு, கறுத்த தரையும் மரமும் இருக்கிற வெளிச்சத்தையும் குடித்துவிடும். கடிதம் வருவதற்குள் நாள் போய்விடும் என்றால், ஓட்டு வீட்டுத் திண்ணையே போதும்.

படம் 24×36 அங்குலம். 24 மெகாபிக்சல் கேமராவில் 4000×6000 புள்ளிகள் கிடைக்கும். அங்குலத்துக்குச் சுமார் 167 புள்ளி, அந்த அளவுக்குத் தாராளம். ஆனால் எடுத்ததில் பாதியை வெட்டித் தள்ளினால் தாங்காது. அதனால் நெட்டுவாக்கில், பெயர் எழுதத் தலைக்கு மேல் இடம் விட்டு எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸாப்பில் படமாக வந்ததை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். அது சுருங்கிப்போன பிரதி. மூலக் கோப்பைப் பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள்.