கோடிங் தொகுப்பில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

கேள்வி: நான் ஆறாம் வகுப்புக் கணித ஆசிரியை. மாணவர்கள் 36 பேர், ஓடுகிற கணினி 12. இணையம் வரும், போகும். டேப்லெட், கோடிங் பாடம், சான்றிதழ் மூன்றையும் ஆண்டுச் சந்தாவில் தருவதாக ஒரு பிரதிநிதி விடாமல் வருகிறார். தலைமையாசிரியர் சரி என்று சொல்லும் நிலையில் இருக்கிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இருக்கிற 12 கணினியே போதும்.

இத்தகைய தொகுப்புகள் பலவற்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது, கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் அமைக்கும் ஸ்கிராட்ச், அல்லது அதை ஒட்டிச் செய்த ஒன்று. எம்ஐடி மீடியா லேபில் உருவாகி, 2007 முதல் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் அது. பிரதிநிதி மறுபடி வந்தால் இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பாடத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சந்தா முடிந்தபின் பிள்ளைகள் செய்த வேலையைக் கோப்பாக எடுத்துத் தருவார்களா என்று கேளுங்கள். அட்மின் பாஸ்வேர்ட் யார் கையில் என்றும் கேளுங்கள். "எங்க டெக்னீஷியன் பார்த்துப்பார்" என்றால் பேச்சை அதோடு முடித்துவிடலாம். நாளை ஒரு மென்பொருளை நிறுவக்கூட அவருக்காகக் காத்திருக்க வேண்டிவரும். பிள்ளைகளின் பிறந்த தேதி, பெற்றோரின் கைபேசி எண் கேட்டால் கொடுக்காதீர்கள். கோடிங் படிக்க அவை எதற்கு? சான்றிதழைப் பொறுத்தவரை, பிள்ளை வகுப்புக்கு வந்தது என்பதற்கு மேல் அது எதையும் காட்டாது.

மேலிடத்துக்கு எத்தனை கணினி வாங்கினோம் என்பதுதான் கணக்கு. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அறை திறந்திருந்தது என்று யாரும் கேட்பதில்லை. பிறகு பள்ளிகள் கணினிகளை உறை போட்டுப் பூட்டி வைக்காமல் என்ன செய்யும்?

ஸ்கிராட்ச் 3 டெஸ்க்டாப் பதிப்பை ஒரே முறை தரவிறக்கி, பென் டிரைவில் 12 கணினிக்கும் கொண்டுபோங்கள். விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். நிறுவியபின் இணையம் வேண்டாம், பயனர் கணக்கும் வேண்டாம். சில கணினிகளில் பழைய ஸ்கிராட்ச் 2 இருந்தால் நீக்கிவிடுங்கள். 3-இல் சேமித்த கோப்பு அதில் திறக்காது.

தனியாகக் கணினி வகுப்பு வைக்காமல், பலகோணம் நடத்தும் வாரத்தில் தொடங்குங்கள். பன்னிரண்டு பேர் கொண்ட மூன்று அணிகள். இரண்டு அணிகள் ஜோடி ஜோடியாகக் கணினியில், மூன்றாவது அணி கட்டத்தாளில். மூன்று பீரியடில் எல்லாருக்கும் இரண்டு முறை கணினி கிடைத்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மவுஸ் கை மாற வேண்டும். இல்லாவிட்டால் துடுக்கான பிள்ளையே கடைசிவரை பிடித்துக்கொள்ளும்.

ஸ்கிராட்ச் திரையின் இடது கீழ் மூலையில் உள்ள பொத்தானில் பேனா என்ற கூடுதல் வசதியைச் சேருங்கள். சதுரத்துக்கு: எல்லாம் அழி, பேனாவை இறக்கு, பிறகு '100 அடி நகர், 90 பாகை திரும்பு' 4 முறை. 'எல்லாம் அழி' இல்லாவிட்டால் முந்தைய கோடுகள் கிடந்து குழப்பும். அடுத்து சமபக்க முக்கோணம் கேளுங்கள். பெரும்பாலோர் 3 முறை, 60 பாகை என்று கொடுப்பார்கள். முக்கோணம் மூடாது, அரை அறுங்கோணம் திரையில் நிற்கும். உடனே திருத்தாதீர்கள். தரையில் முக்கோணம் வரைந்து ஒரு பிள்ளையை அதன்மேல் நடக்க விடுங்கள். மூலையில் உடம்பு திரும்புவது 60 அல்ல, 120 பாகை. உட்கோணம் அல்ல, வெளிக்கோணம். 360-ஐப் பக்க எண்ணிக்கையால் வகுக்க வேண்டும் என்பதை ஐங்கோணத்துக்குள் அவர்களே சொல்லிவிடுவார்கள். டெஸ்க்டாப் பதிப்பு தானாகச் சேமிக்காது என்பதால் மணியடிக்க ஐந்து நிமிடம் முன்பே சேமிக்கச் சொல்லுங்கள்.

ஒரு விதிவிலக்கு, தட்டிக்கழிக்கக் கூடாதது. வகுப்பில் பார்வையற்ற மாணவர் இருந்தால் ஸ்கிராட்ச் உதவாது. திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் அதன் கட்டங்களை ஒழுங்காகப் படிக்காது. ஒரு கணினியில் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானும், எழுத்தில் நிரல் எழுதும் மொழியான பைத்தானும் நிறுவுங்கள். என்விடிஏவோடு வரும் குரல் தமிழும் படிக்கும். நிரல் எழுதப் பைத்தானுடன் வரும் ஐடில், பலரும் பரிந்துரைக்கும் தானி (Thonny) ஆகிய இரண்டு மென்பொருளையும் தவிருங்கள். அந்தச் சன்னல்களுக்குள் இருப்பது திரைவாசிப்பானுக்குச் சரியாக எட்டாது. நோட்பேடில் எழுதி, விண்டோஸின் கட்டளைச் சன்னலான கமாண்ட் பிராம்ப்ட்டில் ஓட்டினால் ஒவ்வொரு வரியும் காதில் விழும். பலகோணப் பாடத்தில் அவர் படம் வரைய வேண்டியதில்லை. பக்க எண்ணிக்கையைக் கேட்டு வெளிக்கோணத்தைச் சொல்லும் நிரலை எழுதட்டும். பைத்தானில் வரியின் தொடக்க இடைவெளி மாறினால் நிரலே மாறிவிடும். அந்த இடைவெளியை அறிவிக்கும் வசதி என்விடிஏவில் முதலில் அணைந்தே இருக்கும். அமைப்புகளில் ஆவண வடிவமைப்புப் பகுதிக்குப் போய், பேச்சாகவோ ஒலியாகவோ அதை இயக்கி வையுங்கள்.