மோட்டார் டிரைவைப் பொருத்தும் இடத்துக்கு ஏன் இத்தனை நிபந்தனை?

டிரைவ் என்பது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுப் பெட்டி. அதன் வழியே போகும் மின்சாரத்தில் ஏறத்தாழ 3% வெப்பமாகிவிடும். கேட்கக் கொஞ்சம்தான்; ஆனால் 30 கிலோவாட் டிரைவில் அது ஒரு கிலோவாட்டை நெருங்கும். பூட்டிய அலமாரிக்குள் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவைத்த மாதிரி. அதனால்தான் டிரைவை நிமிர்த்திப் பொருத்தி, மேலும் கீழும் இடம் விடச் சொல்கிறார்கள் (எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள்). 1000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதி என்றால் காற்று மெலிந்து குளிர்ச்சி குறையும். உயரத்தைப் பொறுத்து ஒரு அளவு பெரியதாக வாங்க வேண்டிவரலாம். அப்புறம் தூசி, ஈரம். உலோகத் துகள் சர்க்யூட் போர்டில் படிந்தால் ஷார்ட்தான்.

"அறையில்தான் ஏசி இருக்கிறதே" என்பார்கள். பல டிரைவ்களுக்குச் சொல்லப்படும் 40 டிகிரி வரம்பு அறைக்கு அல்ல, பேனலுக்குள் (டிரைவை வைத்து மூடும் அலமாரிக்குள்) டிரைவைச் சுற்றியிருக்கும் காற்றுக்கு.