ஒரு கொப்பி வாங்குங்கள்: கவுன்சில் எஸ்டேட் தொல்லைகள், கேள்வி பதில்

கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சிலின் வீட்டுப் பிரிவில் 19 வருடம் வேலை செய்தவன் நான். எஸ்டேட் என்றதும் ஹற்றன் தேயிலை ஞாபகம் வருபவர்கள் மன்னிக்க வேண்டும், இது வேறு எஸ்டேட்: கவுன்சில், அதாவது உள்ளூராட்சி சபை, கட்டி வாடகைக்கு விடும் வீட்டுத் தொகுதி. கீழே சொல்லும் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. ஸ்கொட்லாந்தில் வேறு.

எங்கள் புளொக்கில் முன்கதவுப் பூட்டு உடைந்து மூன்று மாதம். பெடியள் படிக்கட்டில் இருந்து கஞ்சா அடிக்கிறார்கள். ஒருமுறை அவசரமில்லாத விஷயத்துக்கான பொலிஸ் இலக்கம் 101க்கு அடித்தேன், யாரும் வரவில்லை. இனி அடித்து என்ன பயன்? (ஈஸ்ட் ஹாம்)

இரண்டு பிரச்சினையை ஒரே முடிச்சாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள் அக்கா, முதலில் அவிழ்த்துவிடுங்கள். பூட்டு பொலிஸ் வேலை இல்லை, கவுன்சில் பார்க்க வேண்டிய ரிப்பேர். அதைத் தனி முறைப்பாடாகப் போட்டு இலக்கம் வாங்குங்கள். நான் போன புளொக்குகளில் காந்தப் பூட்டு வேலை செய்யாது, அல்லது யாரோ பீட்சாப் பெட்டியை மடித்துக் கதவிடுக்கில் செருகியிருப்பார்கள். கதவு ஒழுங்காக மூடினாலே பெடியளில் பாதிப்பேர் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள்.

மற்றதற்கு ஒரு 40 பக்கக் கொப்பி வாங்குங்கள். திகதி, நேரம், எந்த மாடி, எத்தனை பேர், உங்களுக்கு என்ன ஆனது. "எப்ப பார்த்தாலும் புகை" என்று எழுதினால் நீதிமன்றத்தில் அது ஒரு சதமும் பெறாது. நான் பார்த்ததிலேயே நல்ல கொப்பி ஒரு வயதான அம்மாவுடையது, முழுக்கத் தமிழில். "செவ்வாய் இரவு 11.40. இரண்டாம் மாடி, நாலு பேர். புகை கதவுக்குக் கீழால் வந்தது, ஈரத் துவாய் வைத்து அடைத்தேன். 1.15க்குப் போனார்கள். பேத்திக்கு இருமல்." மொழிபெயர்க்கக் கொடுத்தோம். அந்த ஈரத் துவாய்தான் வழக்கையே தூக்கி நிறுத்தியது.

101க்கு அடித்தால் யாரும் வராமல் போகலாம். ஆனால் முறைப்பாட்டு இலக்கம் ஒன்று தருவார்கள். அதைக் கொப்பியில் அந்தத் திகதிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அடிதடி, கத்தி என்றால் யோசிக்காமல் அவசர இலக்கம் 999.

பெயர் வெளியே வந்தால் எங்கள் கார்க் கண்ணாடி மிஞ்சாது. சொல்லாமல் இருப்பதுதானே புத்தி? (ஹரோ)

பயம் நியாயமானது. போதைப்பொருள் விற்கிறார்கள் என்றால், பெயர் சொல்லாமலே குற்றம் பற்றிச் சொல்லக்கூடிய தொண்டு அமைப்பான கிரைம்ஸ்டொப்பர்ஸ் 0800 555 111. பெயர் கேட்க மாட்டார்கள், அழைத்த இலக்கத்தையும் தேட மாட்டார்கள். தொல்லை செய்பவருக்கு எதிராகக் கவுன்சில் நீதிமன்றத்தில் கேட்கும் சிவில் தடை உத்தரவு என்றால் இன்னொரு வழி இருக்கிறது. நீங்கள் சொன்னதை அதிகாரியே நீதிமன்றத்தில் சாட்சியமாகச் சொல்லலாம். கிரிமினல் வழக்குப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கவும் தேவையில்லை, நடந்திருக்கத்தான் கூடுதல் வாய்ப்பு என்று நீதிபதி நம்பினால் போதும். நான் அப்படிப் பலமுறை கூண்டேறியிருக்கிறேன்.

மேல் வீட்டுப் பிள்ளை காலையிலிருந்து ஓடுகிறது. முறைப்பாடு செய்யலாமா?

பிள்ளை ஓடத்தான் செய்யும். தரையில் கம்பளம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இரவு 11க்குப் பிறகு பாட்டு, பார்ட்டி என்றால் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவுக்கு அடியுங்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு நோயாளி மனிதர், தனிமை. இப்போது அங்கே யார் யாரோ வந்து போகிறார்கள். அவரைக் கண்டு இரண்டு கிழமை. (லூயிஷம்)

ஐயா, இதைத் தள்ளிப் போட வேண்டாம், இன்றே சொல்லுங்கள். காகத்தின் கூட்டில் குயில் முட்டை இடுவது உங்களுக்குத் தெரியும். போதை வியாபாரிகள் பலவீனமானவரின் வீட்டில் புகுந்து அதையே கடையாக்குவதற்கு ஆங்கிலத்திலும் குயிலை வைத்துத்தான் பெயர்: 'குக்கூயிங்'. பொலிசுக்கும், கவுன்சிலில் முதியோர், நோயாளர் பாதுகாப்புப் பிரிவுக்கும் சொல்லுங்கள். மஜிஸ்திரேட் நீதிமன்றம் அந்த வீட்டுக்கு மூடல் உத்தரவு போடலாம். முதலில் 3 மாதம் வரை, நீட்டினால் மொத்தம் 6 மாதம். வீட்டுக்காரரைத் தெருவில் விடவேண்டும் என்றில்லை. அவர் இருக்கலாம், மற்றவர்கள் நுழையக் கூடாது என்றும் போடலாம். நுழைந்தால் அதுவே குற்றம்.

ஐந்து முறை முறைப்பாடு செய்தாயிற்று. பொலிஸ் கவுன்சிலைக் காட்டுகிறது, கவுன்சில் பொலிசைக் காட்டுகிறது.

லெஸ்டர்ஷயரில் ஃபியோனா பில்கிங்டன் என்ற தாய், மாற்றுத்திறன் கொண்ட மகளோடு வாழ்ந்தவர். தெருப் பெடியளின் தொல்லை பற்றி வருடக்கணக்கில் 33 முறை பொலிசுக்குச் சொன்னார். ஒவ்வொன்றையும் தனித்தனிச் சின்ன விஷயமாகவே பார்த்தார்கள். 2007இல் மகளோடு சேர்த்துத் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார்.

சமூகவிரோத நடத்தை பற்றிய 2014ஆம் ஆண்டின் சட்டம் இதற்குத்தான் ஒரு வழி வைத்திருக்கிறது: வழக்கு மறுபார்வை. 6 மாதத்துக்குள் 3 முறை சொல்லியிருந்தால், ஒவ்வொன்றையும் நடந்து ஒரு மாதத்துக்குள் சொல்லியிருந்தால், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கவுன்சில், பொலிஸ், சுகாதாரம் எல்லோரும் ஒரே மேசையில் இருந்து உங்கள் கோப்பைப் பார்த்தே ஆகவேண்டும். கவுன்சில் இணையத்தளத்தில் படிவம் இருக்கும். முறைப்பாட்டு இலக்கங்கள் கேட்பார்கள், அப்போது கொப்பியைத் திறவுங்கள்.

எஸ்டேட்டை இடித்துக் கட்டினால்தான் திருந்துமா?

வட லண்டன் டொட்டன்ஹாமில் பிரோட்வோட்டர் ஃபார்ம் என்ற எஸ்டேட்டில் 1985 கலவரத்துக்குப் பிறகு, மாடிகளை இணைத்த நடைபாலங்களை எடுத்தார்கள். தப்பி ஓடும் வழி குறைந்தது, வாசலில் ஆள் வைத்தார்கள். கொங்கிறீற்றை விட வாசலில் இருந்த ஆள்தான் முக்கியம் என்பது என் கட்சி.

கேட்கவே வெட்கமாக இருக்கிறது. என் மகனுக்கு 15 வயது. கீழே பெடியளோடு நின்றான் என்று பொலிஸ் கலைத்துவிட்டு, ஒரு தாளும் கொடுத்தது. வீடு போய்விடுமா?

வெட்கப்பட ஒன்றுமில்லை தங்கச்சி, இப்படிக் கேட்டு வந்தவர்கள் பலர். அது கலைந்து போகச் சொல்லும் உத்தரவு. 10 வயதோ அதற்கு மேலோ உள்ள யாருக்கும் கொடுக்கலாம், 48 மணித்தியாலம் வரை செல்லும். அந்தத் தாளால் குற்றப் பதிவு வராது, வீடும் போகாது. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் வீட்டிலுள்ளவர்களின் நடத்தைக்கும் நீங்கள்தான் பொறுப்பு. கவுன்சில் கூப்பிட்டு, நன்னடத்தை ஒப்பந்தம் ஒன்றில் மகனைக் கையெழுத்துப் போடச் சொன்னால் போங்கள். கட்டாயமில்லாததுதான், இருந்தும் பல பெடியளை அது திருப்பியிருக்கிறது. ஒருவன் என்னைக் கேட்டான், "ஒன்பது மணிக்குப் பிறகு நான் எங்கே போக? வீட்டில் ஐந்து பேர், ஒரு அறை." அந்த எஸ்டேட்டில் பந்தடிக்கும் கூண்டின் லைட் எட்டுக்கே அணைந்துவிடும். பத்து வரை எரிய வைக்க ஒரு வருடம் கடிதம் எழுதினேன்.

சரி, ஏசுவதற்கு முன் அந்தத் தாளை வாங்கிப் படியுங்கள். எந்தத் தெரு, எத்தனை மணி வரை என்று அதில் இருக்கும். அதற்குள் அவன் அங்கே திரும்பிப் போனால்தான் குற்றம்.