மனைவியின் டெஸ்டுகள் எல்லாம் நார்மல் என்றால், குறை ஆணிடம் இருக்குமா?

கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது, மனைவிக்கு எடுத்த டெஸ்ட் எல்லாம் நார்மல், எனக்குத் தாம்பத்தியத்தில் எந்தப் பிரச்சினையும் இல்லை, அப்படியும் என்னிடம் குறை இருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். தாம்பத்தியம் நன்றாக இருப்பது வேறு, விந்தில் போதுமான உயிரணுக்கள் இருப்பது வேறு. விந்து பார்க்க எப்போதும் போலவே இருக்கும், ஆனால் அதில் ஒரு உயிரணு கூட இல்லாத ஆண்கள் நூற்றில் ஒருவர் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார், அந்தத் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் உண்டு. அப்படியிருந்தும் பெண்ணை ஊசி, ஸ்கேன் என்று அலைக்கழித்துவிட்டு, கடைசியில்தான் கணவனுக்கு ஒரு விந்துப் பரிசோதனை எழுதுகிறார்கள். இது எனக்கு ஆறவே ஆறாத கோபம்.

காரணங்களில் அதிகம் பார்ப்பது வெரிகோசீல், அதாவது விதைப்பையில் ரத்தக் குழாய் சுருண்டு வீங்குவது. பொதுவாக ஆண்களில் 15 சதவீதம் பேருக்கு இருக்கிறது, குழந்தையில்லாத ஆண்களில் 35 சதவீதத்துக்கும் மேல், ஆனால் இருக்கிற எல்லோருக்கும் பாதிப்பு வருவதில்லை. சிறுவயதில் விரை கீழே இறங்காமல் இருந்தது, வயதுக்கு வந்த பிறகு வந்த பொன்னுக்கு வீங்கி, விந்து வரும் பாதையில் அடைப்பு, சர்க்கரை நோய், சிகரெட், புற்றுநோய் சிகிச்சை, மரபணுக் கோளாறு என்று இன்னும் நிறைய இருக்கின்றன. நிறையப் பேருக்கு என்ன தேடியும் காரணம் பிடிபடுவதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஜிம்மில் உடம்பு ஏற்றப் போடும் ஸ்டீராய்டும், 'ஆண்மை கூடும்' என்று போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடக்கூடியவை. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், விரையை வேலை செய்யச் சொல்லும் சமிக்ஞையை மூளை நிறுத்திவிடுகிறது. போட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், பெரும்பாலும் நிறுத்திய சில மாதங்களில் உற்பத்தி திரும்பிவிடும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்.

ரிப்போர்ட்டில் உயிரணு எண்ணிக்கை ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடிக்குக் கீழே இருந்தால் குறைவு என்பார்கள். அதைப் பார்த்து உடைந்துபோக வேண்டாம். எனக்கு முதலில் எடுத்தபோது ரொம்பக் குறைவாகத்தான் வந்தது, அதற்குச் சில வாரம் முன்புதான் கடும் காய்ச்சலில் கிடந்தேன், ஒரு விந்தணு உருவாகவே 70 நாளுக்கு மேல் ஆகும் என்பதால் மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொன்னார் டாக்டர், அப்போது நார்மல். உயிரணுவே இல்லை என்று வந்தாலும், சிலருக்கு விரையிலிருந்து நேரடியாக எடுத்து, ஒரே ஒரு அணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறை 1990-களிலிருந்து கைகொடுக்கிறது.

சரி, முதல் வேலையாக நீங்கள் டெஸ்டுக்குப் போங்கள். அதற்கு முன் இரண்டு நாளாவது, அதிகம் போனால் ஏழு நாள், விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். சாம்பிளை வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுத்துவிடுங்கள்.