இளையோர் நாவல்களில் தனித்துப்போன இரண்டு பிள்ளைகள் நண்பர்களாவது நம்பும்படி இருக்கிறதா?

பாதிக்கு மேல் நம்பும்படி இல்லை என்பேன். பத்தாம் பக்கத்தில் சந்திக்கிறார்கள், பதினைந்தாம் பக்கத்தில் அழுதுகொண்டே மனதில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுகிறார்கள். வருஷக்கணக்கில் யாரிடமும் பேசாத பிள்ளை அவ்வளவு சீக்கிரம் வாய் திறக்குமா?

அமெரிக்க எழுத்தாளர் எஸ். இ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' நாவல் வேறு ரகம். 1967-இல் அது வெளிவந்தபோது அவருக்கே 18 வயதுதான். பெற்றோரை விபத்தில் இழந்த போனிபாயும், வீட்டில் அடிபட்டே வளர்ந்த ஜானியும் போலீசுக்குப் பயந்து ஒரு பாழடைந்த தேவாலயத்தில் ஒளிந்திருக்கிறார்கள். அங்கே சீட்டாடுகிறார்கள், முடியை வெட்டிக்கொள்கிறார்கள், ஒரு தடிமனான நாவலை ஒருவன் வாசிக்க மற்றவன் கேட்கிறான். மனம்விட்டுப் பேசுவது இதற்கு நடுவில் தானாக வருகிறது.

எனக்கு ஊர் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில், மண்டபம் பக்கம். இங்கே ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பள்ளிக்கூட லீவும் அப்போதுதான். போன தடைக்காலத்தில் எங்கள் வலையைச் சரிசெய்ய இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவனுடைய அப்பா எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருந்தார். இன்னொருவன் அகதிகள் முகாமிலிருந்து வருபவன். ஒருவன் வலையை விரித்துப் பிடிக்க, மற்றவன் கிழிசலில் முடிச்சுப் போடுவான். பல நாள் வேலையைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஒருநாள் முதலாமவன் தலையைத் தூக்காமல், "அப்பாவுக்கு மறுபடியும் காவலை நீட்டிட்டாங்கடா" என்றான். மற்றவன் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "இந்தப் பக்கம் இழுத்துப் பிடி" என்றான், அவ்வளவுதான். மறுநாள் இருவரும் ஒரே சைக்கிளில் வந்தார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்கக் கதைகளில் தனிமை என்றால் பூட்டிக்கொள்ள ஓர் அறை இருக்கும். எங்கள் பக்கம் ஒரே கூடத்தில் அப்பத்தா முதல் கைக்குழந்தை வரை படுத்திருப்பார்கள். பையன்களுக்காவது படகு நிழல் இருக்கிறது, பெண்பிள்ளை அங்கே போய் உட்கார்ந்தால் ஊரே பேசும். அவர்களுக்குக் கிடைப்பது ராமநாதபுரம் பஸ்ஸில் ஒரு சீட்டு, இல்லையென்றால் அம்மாவோடு கடல்பாசி எடுக்கப் போகும் நேரம். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறிக்கும் இரண்டு பெண்பிள்ளைகளை வைத்து யாராவது ஒரு நாவல் எழுதினால் முதல் பிரதி எனக்கு. தயவுசெய்து கடைசி அத்தியாயத்தில் ஒருத்தியைச் சாகடித்துவிடாதீர்கள்.