வண்டியை இழுப்பவரும் அச்சாணி போட்டவரும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். டைலராகச் சேர்ந்து, சூப்பர்வைசராகி, போன வருடம் புரொடக்‌ஷன் மேனேஜர் ஆனேன். சென்ற மாதம் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. அதில் ஒரு படம் காட்டினார்கள். வண்டி மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒருவர் விரலை நீட்டுகிறார்; அவர் மேனேஜராம். இன்னொரு படத்தில் ஆட்களோடு சேர்ந்து முன்னால் நின்று கயிற்றை இழுக்கிறார் ஒருவர், அவர் லீடராம். “மேனேஜராக இருக்காதீர்கள், லீடராக மாறுங்கள்” என்றார்கள். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஷிப்ட் கணக்கு, ஷிப்மெண்ட் தேதி, சனிக்கிழமை சம்பளம், இதுதான் என் வேலை. அப்படியென்றால் நான் வண்டியில் உட்கார்ந்திருப்பவனா? தலைமையும் நிர்வாகமும் உண்மையிலேயே வேறு வேறா?

ஒரு வாசகர் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் படம் எனக்கும் வாட்ஸப்பில் ஏழெட்டு முறை வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே சந்தேகம்தான். அந்த வண்டிக்கு அச்சாணி போட்டது யார்? இழுக்கிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு யார் ஏற்பாடு? அந்த ஆளை இரண்டு படத்திலும் காணோம். உங்கள் கடிதத்தைப் படித்ததும், ஓ, இவர்தானா அது என்று நினைத்துக்கொண்டேன்.

வேறு வேறா என்றால், வேறுதான். ஒன்று உசத்தி, ஒன்று மட்டம் என்பது பயிற்சிக்காரர்கள் தம் பங்குக்குச் சேர்த்தது. இரண்டும் இரண்டு தனி ஆட்களாக நின்று வேலை செய்த ஓர் இடம் உண்டு. குஜராத்தில் ஆனந்த். அமுல் என்றால் எல்லோரும் வர்கீஸ் குரியன் என்பார்கள். திரிபுவன்தாஸ் படேல் யார் என்று கேட்டால் முழிப்பார்கள்.

1940களில், ஆனந்த் அப்போது இருந்த கேடா மாவட்டத்துப் பாலை வாங்கி பம்பாய்க்கு அனுப்பும் உரிமை போல்சன் என்ற தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. விலையை அவர்கள்தான் வைப்பார்கள். விவசாயிகள் வல்லபபாய் படேலிடம் போய் நின்றார்கள். அவர் மொரார்ஜி தேசாயை அனுப்பினார். 1946 ஜனவரியில் சமர்கா என்ற கிராமத்தில் கூட்டம் போட்டு, இனி வியாபாரிக்குப் பால் ஊற்றுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். 15 நாள் ஊற்றவில்லை.

15 நாள் என்று சொல்லிவிட்டோம். வீட்டில் கறவை வைத்திருந்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். எருமைக்கு வேலைநிறுத்தம் தெரியாது. தீவனம் போட்டாக வேண்டும், இரண்டு வேளையும் கறந்தாக வேண்டும், கைக்குக் காசு வராது. அதன் பிறகு அந்த ஜனங்களைச் சங்கமாகக் கட்டியவர் திரிபுவன்தாஸ். உப்புச் சத்தியாகிரகத்தில் ஜெயிலுக்குப் போனவர். ஊர் ஊராக நடந்து, திண்ணை திண்ணையாக உட்கார்ந்து பேசினார். அந்த வருடம் டிசம்பரில் சங்கம் பதிவானது; பின்னாளில் அமுல் என்று பெயர் வாங்கியது அதுதான். ஆரம்பத்தில் இரண்டே கிராமம், நாளுக்குச் சுமார் 250 லிட்டர். இன்னும் கண்ணில் தெரியாத ஒன்றுக்காக, வாடிக்கையாக வருகிற காசை விடச் சொல்கிறார் ஒருவர். ஜனங்கள் சரி என்கிறார்கள். நான் தலைமை என்று சொல்வது அந்தச் ‘சரி’யைத்தான். அதை யாரும் உத்தரவு போட்டு வாங்க முடியாது.

ஆனால் பால் யார் பேச்சையும் கேட்காது, நேரமானால் திரிந்துவிடும். ஆனந்தில் இருந்தது ஓட்டை உடைசல் இயந்திரம். குரியன் 1949இல் அங்கே வந்ததே விருப்பமில்லாமல்தான். அரசாங்க உதவித்தொகையில் அமெரிக்காவில் படித்ததற்கு ஈடாக, ஒரு சின்ன அரசுப் பால்பண்ணையில் வேலை. எப்போது விடுவார்கள் என்று காத்திருந்தவர். பழையதை ஒட்டுப்போடாதீர்கள், புதிது வாங்குங்கள் என்று சொன்னவரும் அவர்தான். கடன் வாங்கிப் பணம் புரட்டினார் திரிபுவன்தாஸ். குரியன் பெட்டி கட்டியபோது, இதை ஓடவைத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டு நிறுத்திக்கொண்டார். குரியன் பிறகு போகவேயில்லை.

அப்புறம் வந்த வேலைகள் எல்லாம் உங்கள் வேலைகள் மாதிரிதான். குளிர்காலத்தில் எருமை கூடுதலாகக் கறக்கும், பம்பாய் அவ்வளவையும் வாங்காது. மிச்சத்தை என்ன செய்வது? எருமைப்பாலைப் பவுடர் ஆக்க முடியாது என்பதுதான் அன்று நிபுணர்கள் சொன்னது. குரியனின் நண்பர் எச்.எம். தலாயா ஆக்கிக் காட்டினார். 1955இல் அதற்கான ஆலையை நேரு திறந்துவைத்தார். அதைவிட எனக்குப் பிடித்தது கிராமத்து மையத்தில் நடந்தது. கொண்டுவந்த பாலில் கொழுப்பு எவ்வளவு என்று பார்ப்பார்கள், அதற்கேற்ற காசைத் தாமதமில்லாமல் கையில் கொடுப்பார்கள். திண்ணையில் உட்கார்ந்து திரிபுவன்தாஸ் கொடுத்த வாக்கு தினமும் அங்கேதான் காப்பாற்றப்பட்டது.

இது நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் பால் சொசைட்டித் தலைவர் மைக் பிடித்தால் கூட்டம் அசையாது. ஆனால் பட்டுவாடா இரண்டு மாதம், மூன்று மாதம் என்று இழுக்கும். பாலின் தரத்தை அளக்க ‘டிகிரி’ பார்ப்பவர் வாயில் வந்த எண்ணைச் சொல்வார். அம்மா ஒரு நாள் தூக்குவாளியோடு தனியார் வேனுக்குப் போய் நின்றாள். அதற்கு மறுநாள் பாதித் தெரு அவள் பின்னால் போனது. (இதில் தலைமை யாருடையது என்று எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது.)

ஆனந்தில் எனக்கு அபூர்வமாகப் படுவது, திரிபுவன்தாஸ் ஒதுங்கி நின்ற விதம். கிராமத்து அரசியலை அவர் பார்த்துக்கொண்டார்; ஆலைக்குள் அதை வரவிடவில்லை. குரியனும் தன்னை விவசாயிகளிடம் சம்பளம் வாங்கும் ஆள் என்றே சொல்லிக்கொண்டார். 1963இல் மகசேசே விருது, பம்பாய் பால் திட்டத்தின் தாரா குரோடியையும் சேர்த்து, இவர்கள் மூவருக்கும் கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில் திரிபுவன்தாஸ் சங்கத் தலைவர் பதவியை விட்டுக் கிளம்பினார். உறுப்பினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பணமுடிப்பு கொடுத்தார்கள். அது கிராமத்துத் தாய் சேய் நலத்துக்கான அறக்கட்டளை ஆனது.

குரியனால் அப்படிக் கிளம்ப முடியவில்லை. 1965 முதல் 1998 வரை தேசிய பால்வள வாரியத்தின் தலைவர். அமுலை விற்கும் குஜராத் பால் கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டமைப்புத் தலைவர் பதவியிலிருந்து 2006இல், உறுப்பினர் சங்கங்களோடு மனக்கசப்பு முற்றிய பிறகு விலகினார். அவர் சாதனை முன்னால் இது சின்ன விஷயம்தான். ஆனால் தினமும் இயந்திரத்தை ஓட்டிப் பழகியவருக்கு, நாம் இல்லாமலும் இது ஓடும் என்று நம்புவது கடினம் போலிருக்கிறது. நல்ல நிர்வாகிகளுக்கே வரும் வியாதி இது.

சரி, உங்களுக்கு வருகிறேன். சனிக்கிழமை சம்பளத்தை நாள் தவறாமல் போடுகிறீர்கள் என்றால், நீங்கள் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் கவனித்துப் பாருங்கள். ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஒன்றரை ஷிப்ட் கேட்கும்போது உங்கள் டைலர்கள் எதற்காகச் சரி என்கிறார்கள்? கூடுதல் காசுக்கா, வேலை போய்விடும் என்ற பயத்துக்கா, கேட்பது நீங்கள் என்பதற்காகவா? நீங்களும் பவர் டேபிளில் உட்கார்ந்து தைத்தவர், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்ததை எழுதுங்கள். அந்தப் படத்தை மட்டும் எனக்கு அனுப்ப வேண்டாம்.